வீரப் பெண்ணுக்கு இடம் எது?

சென்ற பள்ளி விடுமுறையின்போது என் தமக்கையின் மகள் புஞ்சாக் ஆலத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தாள். வயது பன்னிரண்டு. கிராணி வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்துகொண்டு ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகமொன்றைப் படித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று தலையைத் தூக்கி, "மாமா, இவளுக்கு இவ்வளவு பலம் இருக்கிறதே, பிறகு எதற்காக ஒளிந்துகொண்டிருக்கிறாள்?" என்று கேட்டாள். செம்பனைக் குலைகளின் எடைக் கணக்கில் மூழ்கியிருந்த நான், "கதைதானே அம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். கேள்வி என்னை விட்டபாடில்லை.

அக்கதையை அறியாத நேயர்களுக்காகச் சுருங்கச் சொல்லுகிறேன். பெயர் 'சூப்பர் கேர்ள்'. 1959-ம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்கதை ஏடொன்றில் தோன்றிய பாத்திரம். வேற்றுலகம் ஒன்றில் பிறந்த நகரம் அழியுந் தறுவாயில், காரா என்னும் அச்சிறுமியைப் பெற்றோர் ஒரு விண்கலத்தில் ஏற்றிப் பூமிக்கு அனுப்பிவிடுகின்றனர். பூமியில் அவளுக்கு முன்னரே வந்து புகழ் பெற்றுவிட்ட உறவினன் ஒருவன் உளன், அவனே சூப்பர்மேன். அவன் அவளை அன்போடு வரவேற்கிறான். ஆயினும் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. தலையில் ஒரு பொய்ம்முடியைக் கவிழ்த்து, வேறொரு பெயரைச் சூட்டி, ஓர் அநாதை விடுதியிற் சேர்த்து, "உன் வலிமை எவர் கண்ணிலும் படலாகாது" என்று கட்டளையிட்டுச் செல்கிறான். அவள் பறப்பாள், மலையைப் பெயர்ப்பாள், ஆனால் பகலெல்லாம் விடுதியில் ஏனைய பிள்ளைகளோடு அமைதியாக உட்கார்ந்திருப்பாள். 1961-ல் ஒரு தம்பதியர் அவளைத் தத்தெடுக்கின்றனர். 1962-ல்தான் உலகத்தின்முன் அவள் யாரென்று வெளிப்படுகிறது.

இதில் ஒரு நுட்பமுண்டு. பிறந்த இடத்தில் அவளிடம் இந்த வலிமை கிடையாது. அங்கே அவளும் எல்லாரையும் போன்ற ஒரு பெண். நம் சூரியனின் ஒளி பட்ட பிறகே அவள் உடம்பில் அந்த ஆற்றல் எழுந்தது. வலிமையைத் தந்த உலகமே அதனை மறைக்கவும் சொல்லுகிறது. ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாளில் இவ்வேடுகளை மேசைக்கடியில் வைத்து ஆசிரியருக்குத் தெரியாமற் படித்தவன் நான். பக்கங்களைப் புரட்டினேனேயன்றி, இந்தச் சிறுமி கேட்டது எனக்குத் தோன்றவேயில்லை.

நமக்கும் இத்தகைய கதை புதிதன்று. மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். புகாரில் உறங்கிய இளம்பெண் மணிபல்லவத் தீவில் கண் விழிக்கிறாள். வான்வழியே செல்லவும், வேற்றுருக் கொள்ளவும், பசியைத் தாங்கவும் மந்திரம் பெறுகிறாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. பகுத்தறிவுள்ள நேயர்கள் மந்திரத்தையும் மாயக் கலத்தையும் நம்பவேண்டுவதில்லை, நானும் நம்புகிறவனல்லன். ஆனால் சாத்தனார் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள். அவள் நாடு திரும்பியதும் முதற் காரியமாகப் பசித்தோரைத் தேடிப் போகிறாள். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. அவளும் வேற்றுருவிற்றான் இதையெல்லாம் செய்கிறாள் என்பதையும் கவனிக்க வேண்டும். தன் முகத்தோடு தெருவில் நடந்தால் அரசகுமாரன் ஒருவன் துரத்துவான். ஆற்றல் கைவரப்பெற்ற பெண் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்னும் வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று.

நிற்க. கதையை விட்டுவிட்டு, இந்த மண்ணில் எலும்பும் சதையுமாக நடமாடிய பெண்களிடம் வருவோம்.

1943-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்திறங்கினார். அம்மாதம் 9-ந் தேதி பாடாங் திடலில் திரண்ட பெருங்கூட்டத்தில், பெண்களுக்கெனத் தனிப்படை ஒன்று வேண்டுமென்று கேட்டார். மூன்று நாளில், 12-ந் தேதி, டாக்டர் லட்சுமி சுவாமிநாதனின் முயற்சியால் பெண்களின் முதல் அணியொன்று துப்பாக்கியேந்தி அவருக்கு மரியாதை செலுத்தியது. 1858-ல் போர்க்களத்தில் மாண்ட ஜான்சி ராணியின் பெயரையே அப்படைக்கு இட்டனர். அக்டோபர் 22-ந் தேதி சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பெற்றது. மலாயாவின் பல பகுதிகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான பெண்கள் சேர்ந்தனர். அவர்களிற் பெரும்பான்மையோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவின் விடுதலைக்காக உயிரைக் கொடுக்கிறோம் என்று வந்த அவர்களில் மிகப் பலர் இந்தியாவைக் கண்ணாற் கண்டதில்லை. இந்தியா என்பது அவர்களுக்குப் பாட்டி சொன்ன ஊரின் பெயர். கப்பலேறிய துறைமுகத்தின் பெயர்.

அந்தப் பெண்களின் முந்தைய உலகம் எப்படிப்பட்டது என்பதைத் தோட்டத்து நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பட்டணத்து நேயர்களுக்காக ஒரு சொல். இருள் பிரியுமுன் பெரட்டு. பெரட்டில் நின்றால்தான் பேர். பேர் விழுந்தால்தான் கூலி. பிறகு உளியும் வாளியுமாகப் பால்மரக் காடு. நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பால் எடுத்து, காண்டாவின் இருபுறமும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளிற் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். 1930-களின் இறுதியில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதாவது செக்ரோல் புத்தகத்தின்படி ஒரு பெண் ஆணில் ஐந்தில் நாலு பங்கு. 1941-ம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பது ஒன்று. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. என் தொழிலின் முன்னோர் அந்தக் கோரிக்கையில் எந்தப் பக்கத்தில் நின்றனர் என்பதை நான் மறைத்துப் பயனில்லை.

இத்தகைய லயத்திலிருந்து ஒரு பெண் கிளம்பிப் போய், காற்சட்டை அணிந்து, கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு, துப்பாக்கி பிடித்துக் குறிபார்த்தாள். அவளை 'ஏ பிள்ளை' என்று அழைத்தோர் இல்லாத ஓரிடம் அது. அங்கே அவளுக்கு எண் உண்டு, பதவி உண்டு, அவள் சொன்னால் பத்துப் பேர் திரும்பி நிற்கும் அணி உண்டு. அவளுடைய சூரியன் மாறிவிட்டது.

இங்கேதான் முதற் கேள்வி எழுகிறது. அந்த வலிமை யாருடையது? முகாம் கொடுத்ததா? தலைவர் ஒருவரின் பேச்சு கொடுத்ததா? அல்லது முன்னரே இருந்ததா? மேடைகளில் பேசுவோர், நேதாஜியின் சொல் கோழைகளை வீரராக்கிற்று என்பர். நான் இதை ஒப்பவில்லை. விடியுமுன் எழுந்து, அட்டைக்கும் பாம்புக்கும் அஞ்சாமல் இருட்டிலே காட்டுக்குள் நடந்து, சுமைபட்டுத் தோள் காய்த்தவள் எந்நாளும் கோழையாக இருந்ததில்லை. இராணுவப் பயிற்சியில் நகரத்துப் பெண்கள் களைத்து விழுந்தபோது தோட்டத்துப் பெண் நின்றிருப்பாள் என்று நினைக்க எனக்குச் சான்று வேண்டுவதில்லை. பெரட்டுக் களம் போதும். முகாம் செய்தது ஒன்றே. அவளிடம் இருந்ததற்குப் பெயரிட்டது. முன்பு அதற்குப் பெயர் 'ஐந்தில் நாலு பங்கு'.

இவ்வளவு சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். அந்தப் படையும், அதைத் தாங்கி நின்ற அரசாங்கமும் ஜப்பானியரின் துணையில் நின்றவை. அதே ஜப்பானியர் இதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை லாரியில் ஏற்றிச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோயினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை மலேரியாவிலும் வாந்திபேதியிலும் பசியிலும் மாண்டவர்களின் மேல் போடப்பட்டது. அது முடிவுற்றது எப்பொழுது? 1943-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சிங்கப்பூரில் பெண்களின் முகாம் திறக்கப்பட்ட அதே மாதம்! ஒரு லயத்தில் அண்ணன் சயாமுக்கும் தங்கை சிங்கப்பூருக்குமாகப் போயிருக்கலாம். அவனைக் கொண்டுபோன கையும் அவளுக்கு வணக்கம் செலுத்திய கையும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

எனில், அவள் வீரம் பழுதுபட்டதா? சில அறிஞர் அங்ஙனமே எழுதியுள்ளனர். சிலர் இந்தக் கணக்கையே பாராமல் புகழ்மாலை சூட்டியுள்ளனர். எனக்கு இரண்டும் எளிய வழிகளாகத் தோன்றுகின்றன. மரவள்ளிக்கிழங்கு தவிர வேறு உணவில்லாத வீட்டிலிருந்து, சோறு கிடைக்குமென்று போனவளும் அந்தப் படையில் இருந்திருப்பாள். ஜப்பானியச் சிப்பாயின் கண்ணில் படாமல் மகளைக் காக்க அதுவே வழியென்று அனுப்பிய தாயும் இருந்திருப்பாள். நாட்டுப்பற்றினால் மட்டும் போனவளும் இருந்திருப்பாள். போன காரணம் எதுவாயினும், போனபின் அவர்கள் செய்தது கண்முன் நிற்கிறது. பர்மாவில் மேமியோவிலும் ரங்கூனிலும் குண்டுவீச்சுக்கிடையே காயமுற்றோரைப் பேணினர். 1945 ஏப்ரல் 24-ந் தேதி ரங்கூனை விட்டுப் பின்வாங்கிய கூட்டத்தில், விமானங்களுக்கு அஞ்சிப் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும், ஆறுகளைக் கடந்தும் பாங்காக் நோக்கிச் சென்றனர். ரங்கூனிலிருந்து திரும்பிய மற்றோர் அணியின் ரயில் தாக்கப்பட்டபோது ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு பெண்கள் உயிர் நீத்தனர். தலைவன் தேர்ந்த துணை தவறாயிருக்கலாம். தோழியின் காயத்தைக் கட்டிய கையில் அத்தவறு ஒட்டிக்கொண்டது என்று தீர்ப்புச் சொல்ல, மேசைமுன் உட்கார்ந்து மைக்கோல் பிடிக்கும் எனக்கு நா எழவில்லை. அதேவேளை, அந்தத் தவற்றை மூடி மறைத்து அவர்களுக்குப் புகழ் தேடுவதும் சயாமில் மாண்டோரை இன்னொரு முறை புதைப்பதாகும்.

சரி, போர் முடிந்தது. 1945 செப்டம்பரில் வெள்ளையர் மீண்டும் வந்தனர். படை கலைந்தது. வேற்றுலகிலிருந்து வந்தவள் பிறந்த உலகத்துக்கே திரும்பினாள். என் மருமகளின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏனெனில் அவள் இப்போது புதிய உலகில் வந்திறங்கியவள். லயம் அதே லயம். அடுப்பு அதே அடுப்பு. ஆனால் அவள் அவளல்லள். இரண்டு வருஷம் அந்நிய ஆடவரோடு ஊர் ஊராகத் திரிந்தவள் என்று சுற்றத்தார் வாய் பேசும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று தாய் அஞ்சுவாள். இராணுவத்தில் இருந்தவர்களை வெள்ளைக்காரன் பிடித்துப் போவான் என்ற பயம் வேறு. ஆகவே சீலை உடுத்தி, கூந்தல் வளரும் வரையில் முக்காடிட்டு, பெரட்டில் போய் நின்றாள். பொய்ம்முடி என்பது இதுதான். அமெரிக்கச் சிறுமிக்கு அதை ஒரு சகோதரன் தலையில் கவிழ்த்தான். இவளுக்கு ஊரே கூடிக் கவிழ்த்தது.

எல்லாரும் அப்படியே அமிழ்ந்து போய்விடவில்லையே என்று நேயர்கள் மறுக்கலாம். உண்மை. கோலாலம்பூரில் பிறந்து, பதினெட்டு வயதில் போஸின் பேச்சைக் கேட்டுத் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்து, தந்தையாரின் கையொப்பத்துக்காக வீட்டிலேயே போராடிப் படையிற் சேர்ந்தவர் ஜானகி. படையின் இரண்டாம் தலைவியாக உயர்ந்தார். போருக்குப் பின், 1946-ல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்கக்கால உறுப்பினருள் ஒருவராகப் பணியாற்றினார். ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் நாடறிந்தவரானார். நாடாளுமன்ற மேலவையிலும் அமர்ந்தார். 2000-ம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 2014-ல் மறைந்தார். ஈப்போவில் 1927-ல் பிறந்த ராசம்மா பூபாலன் தம் சகோதரியோடு படையிற் சேர்ந்தவர். திரும்பி வந்து படித்து, ஆசிரியையாகி, 1960-ல் பெண்ணாசிரியர்களுக்கென ஒரு சங்கம் நிறுவி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று போராடினார். 1969 முதல் 1982 வரை கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. கப்டன் லட்சுமியோ கான்பூரில் ஏழைகளுக்கு முதுமையிலும் மருத்துவம் பார்த்து, 2002-ல் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார்.

இம்மூவரையும் வணங்குகிறேன். சிறப்பாக, துப்பாக்கியைக் கீழே வைத்தபின் அந்த உறுதியைச் சம்பளப் பட்டியலின்மேல் திருப்பிய ராசம்மாவின் செயல் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் இவ்வரலாறுகளைப் படிக்குந்தோறும் ஒரு முள் குத்துகிறது. இவர்கள் எல்லாரும் முன்னரே ஆங்கிலம் கற்றவர்கள். வசதியுள்ள, அல்லது ஓரளவு நிமிர்ந்த குடும்பத்தவர்கள். சீருடை ஒன்று, நடந்த தூரம் ஒன்று, மேலே பறந்த விமானமும் ஒன்று. திரும்பியபோது மட்டும் வழி இரண்டாகப் பிரிந்தது. பள்ளிக்கூடத்தின் வாசற்பலகையைப் படிக்கத் தெரிந்தவளுக்குப் புதிய உலகம் கதவு திறந்தது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அதே உலகம் உளியைத் திருப்பிக் கொடுத்தது. ஆற்றல் ஆளுக்குரியது, இடமோ அக்கம்பக்கத்தாரிடமிருந்து வரவேண்டிய கடன். அந்தக் கடனை நாம் கற்றவர்க்கே வட்டியோடு கட்டினோம்.

ஆடவர்க்கும் இத்துன்பம் உண்டு. எனினும் அவர்க்குச் சில வழிகள் கிடைத்தன. கெடாவில் 1946, 47-ம் ஆண்டுகளில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படையில், கள்ளுக்கடையை ஒழிக்க அணிவகுத்து நடந்த இளைஞரிடம் அந்த இராணுவத்தின் நடையும் ஒழுங்கும் தெரிந்தன என்பர். பெண்ணின் அணிவகுப்பு எங்கே போயிற்று? அடுப்படிக்கும் ஆயாக் கொட்டகைக்கும் இடையே அது கரைந்தது.

இவ்வளவும் ஏட்டறிவு. எனக்கு இது ஏடாக வருவதற்கு முன் ஆளாக வந்தது. நான் அதை அறியாமற் போனேன்.

2012-ம் ஆண்டு. நான் கிராணி வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். நிலம் வீடமைப்புக்காகக் கைமாறவிருந்தது. லயங்களில் குடியிருப்போரின் பட்டியலை எடுக்கும் பணி என்னிடம் வந்தது. பெயர், வயது, அடையாள அட்டை எண், தொழில், வேலை செய்த ஆண்டுகள், குறிப்பு என்று ஆறு கட்டங்கள். பேரனோடு குடியிருந்த ஒரு மூதாட்டி முறை வந்ததும் ஆபீஸ் ஜன்னலின்முன் நின்றார். எண்பத்தைந்து வயது. மற்றவர்கள் ஜன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், இவர் பிடிக்கவில்லை.

"தொழில் என்ன பாட்டி?" என்று கேட்டேன்.

"சிப்பாய்னு எழுதுங்க ஐயா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தனர். நானும் சிரித்தேனென்று நினைக்கிறேன். "மரம் வெட்டினீர்களா, வெளிக்காட்டு வேலையா?" என்று மறுபடியும் கேட்டேன்.

"அது அப்புறம். முப்பது வருஷம் வெட்டினேன். மொத வேலை சிப்பாய் வேலை. பதினாறு வயசுல."

"காகிதம் ஏதாவது இருக்கிறதா?"

"வெள்ளைக்காரன் வந்துட்டான்னு எங்கம்மா எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டாங்க."

காகிதமில்லாத எதையும் எழுதலாகாது என்பது என் தொழிலின் முதற் பாடம். 'முன்னாள் தோட்டத் தொழிலாளி' என்று எழுதி, கைரேகைக்கு மைப்பெட்டியை நீட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. விரலை ஒற்றிவிட்டு, "எழுதிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். அந்தச் சொல் பொய்யா என்று வழக்காடினால் நான் தப்பிவிடுவேன். ஏதோ ஒன்றை எழுதத்தானே செய்தேன். ஆனால் அவர் எதைக் கேட்டார் என்பதும், நான் எதற்கு விடை சொன்னேன் என்பதும் எங்கள் இருவரில் எனக்கு மட்டுமே தெரியும்.

அவ்வாண்டு ஜூலை மாதம் 23-ந் தேதி கப்டன் லட்சுமி கான்பூரில் காலமானார். மறுநாட் பத்திரிகைகளில் அவர் படமும் படையின் வரலாறும் வந்தன. தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் அதிலிருந்தார்கள் என்பதை நான் வாழ்வில் முதன்முறையாக அன்று படித்தேன். ஆங்கிலப் பள்ளியில் பதினோராண்டு பயின்றிருக்கிறேன். நெப்போலியனின் படையெடுப்புத் தேதிகள் எனக்குத் தெரியும். ஜான்சி ராணிப் படை என்ற பெயரை எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மாலை அந்த லயத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பேரன் வேறிடத்தில் வேலை கிடைத்துப் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வருஷம் அவர் இறந்த செய்தி மட்டும் வந்தது.

அவர் சொன்னது மெய்தானா என்று ஐயுறுவோர் உளர். என் நண்பரொருவர் அப்படிக் கேட்டார். முதியோர் நினைவு தடுமாறும். கேட்ட கதையைத் தம் கதையாக்கிக்கொள்வதும் உண்டு. இருக்கட்டும். ஒரு பெண் எழுபதாண்டுகளாக மனத்துக்குள் பொத்தி வைத்திருந்த ஒரு சொல்லை, வீட்டை இழக்கும் நாளில், முன்பின் அறியாத ஒரு கிராணியின் முன் வைக்கிறாள். எழுதுமாறு கேட்டது கூலிக்கன்று, பென்ஷனுக்கன்று, அந்தப் பட்டியலால் அவளுக்குக் கிடைக்கக்கூடியது ஒரு மலிவு வீடு, அதற்கும் சிப்பாய்த் தொழிலுக்கும் தொடர்பே இல்லை. எனவே எனக்கு ஐயமில்லை. ஐயமிருந்தாலுங்கூடக் 'குறிப்பு' என்ற கட்டம் காலியாகவே இருந்தது. "இவர் தாம் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றியதாகச் சொல்லுகிறார்" என்று எழுத எந்தச் சட்டமும் தடையில்லை. சோம்பலே தடை, அதனினும், பெரட்டில் நிற்கிறவள் பெரட்டுக்கு அப்பால் வேறெதுவாகவும் இருந்திருக்க முடியாது என்று எனக்குள் ஊறிப்போயிருந்த நினைப்பே தடை. சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்ன கிராணிகளுக்கும் எனக்கும் இதில் எவ்வளவு தூரம்?

ஊரார் கவிழ்த்த பொய்ம்முடியை அந்த அம்மையார் தம் கையாலேயே ஒருமுறை கழற்றினார். கழற்றியபோது எதிரில் இருந்தவன் பார்க்கவில்லை. அமெரிக்கக் கதாசிரியர் தம் சிறுமிக்கு முதலில் ஒரு வீட்டைக் கொடுத்தார். பிறகு வெளிச்சத்தைக் கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு வீட்டை எடுக்கும் நாளிலேதான் வெளிச்சம் கேட்கும் வாய்ப்பே வந்தது.

இன்று கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் பெரிதும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலை வெட்டுவோர் வங்காள தேசத்தவரும் இந்தோனேசியருமாக இருக்கின்றனர். நம் பெண்பிள்ளைகள் அடுக்குமாடிகளுக்கும் ஆலைகளுக்கும் பெயர்ந்துவிட்டனர். இவர்களும் வேற்றுலகில் இறங்கியவர்களே. இரவு ஷிப்டு முடிந்து தொழிற்சாலைப் பஸ்ஸில் தூங்கி விழுந்து வருகிற ஒரு பெண்ணிடம் என்ன ஆற்றல் உண்டென்று, நூற்றில் ஒருவர் கேட்டிருப்போமா? எங்கள் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க அயல்நாட்டார் இரவில் படகேறி வருகிறார்கள். சிறு பூச்சியின் ஒளியைக் காணக் கட்டணம் செலுத்தி, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் போயிருக்கிறேன்.

மருமகள் ஊருக்குத் திரும்புமுன் அந்தப் பாட்டியின் கதையை அவளிடம் சொன்னேன். என் தவற்றையும் சேர்த்தே சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "பாட்டியின் பெயர் என்ன மாமா?" என்றாள். பெயர் நினைவிருந்தது, சொன்னேன். "பள்ளியில் எழுதப் போகிறேன். எந்த ஊரில் பிறந்தார், எந்த முகாமில் இருந்தார்?" என்று அடுக்கினாள். அவற்றை நான் கேட்டுவைக்கவில்லை.

அந்தத் தோட்டத்தின் பழைய கோப்புகள், நிலம் கைமாறியபோது எங்கள் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தவை, இப்பொழுதும் பின்னறை அலமாரியில் இருக்கின்றன. திங்கட்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் தேடியெடுத்தேன். காகிதம் பழுத்திருந்தது. என் கையெழுத்து அப்போது இப்போதைவிட அழகாக இருந்திருக்கிறது. ஐந்தாவது பக்கம், பதினேழாவது வரி. கைரேகை தெளிவாக விழுந்திருக்கிறது. குறிப்புக் கட்டம் காலி. மைக்கோலை எடுத்தபின்தான் பார்த்தேன், அது நகல். மூலம் எப்போதோ தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. நகலில் எழுதினேன்.